சில நாள் ஓகே, சில நாள் நாட் ஓகே

1

நேற்று எனக்குப் பிறந்தநாள். கேக் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். நெதர்லாந்தில் பிறந்தநாள்காரன்தான் செலவு செய்ய வேண்டும். பதிலுக்கு எல்லோரும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். பிறந்தவனுக்கு மட்டும் சொன்னால் இவர்களுக்கு மனசு ஆறாது. அவன் மனைவி, மாமனார், பக்கத்து மேசைக்காரர் என்று அகப்பட்ட எல்லோருக்கும் சொல்வார்கள். என் மனைவி செல்விக்கு யாரோ போனில் வாழ்த்துச் சொல்ல, அவள் போனை வைத்துவிட்டு, "நீங்க பொறந்ததுக்கு எனக்கு எதுக்குங்க வாழ்த்து? அனுதாபம்ல சொல்லணும்" என்றாள்.

இந்த வாழ்த்து விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. வந்த புதிதில் டச்சு மொழியில் இரண்டு நீளமான வார்த்தைகளை மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்று வாழ்த்து, மற்றது இழவு வீட்டில் சொல்வது. இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி முடியும். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன் சித்தப்பா இறந்துபோனதைச் சொன்னபோது, நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு, மனப்பூர்வமாக வாழ்த்திவிட்டேன். அவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "கஷ்டமான மனுஷன்தான். நன்றி" என்றார். அன்றிலிருந்து நல்லது கெட்டது இரண்டுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

நேற்று நான் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். எப்போது பிறந்தேன் என்று கேட்டால், "கடலை புடுங்குன நேரம், மழ வேற" என்பதுதான் அம்மாவுக்குத் தெரிந்த தேதி. வாலிகண்டபுரம் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் அப்பாவிடம் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வானத்தைப் பார்த்தாள். "சரி விடுங்க, ஜூன்ல ஒரு தேதி போட்டுக்கறேன். ஸ்கூல்ல சேர வயசு சரியா வரும்" என்று அவரே என்னைப் பெற்றெடுத்துவிட்டார். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் என் வயதுக்காரர்களை விசாரித்துப் பாருங்கள். ஊரே ஜூனில் பிறந்திருக்கும்.

இங்கே அந்தத் தேதி இல்லாமல் ஒன்றும் நடக்காது. மருந்துக்கடை, டாக்டர், நூலகம், எங்கே போனாலும் முதலில் பிறந்த தேதி, அடுத்துக் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அதனால் கலியபெருமாளாகிய நான் இந்த நாட்டில் மிஸ்டர் ராமலிங்கம். அப்பா திருச்சியைத் தாண்டியதில்லை. ஆனால் தப்பான இடத்தில் கார் நிறுத்தியதற்காக நெதர்லாந்து போலீஸ் அவருக்கு அபராதம் போட்டிருக்கிறது.

2

என் தொழில் பயப்படுவது. அதற்குத்தான் சம்பளம்.

பயம் எனக்குப் புதிதில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முகப்பில் 'அரியலூர்' என்று போர்டு போட்டு நிற்கிற பஸ்ஸில் ஏறும்போதும், டிரைவரிடம் கேட்பேன், கண்டக்டரிடம் கேட்பேன், ஏறி உட்கார்ந்து பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னால்தான் பையை மடியிலிருந்து கீழே வைப்பேன். என் அண்ணன் செல்வராசு தலையில் அடித்துக்கொள்வான். "நீ ஏறி உக்கார்றதுக்குள்ள அரியலூருக்கு நடந்தே போயிரலாம்டா."

இதையேதான் இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறேன். எங்கள் கம்பெனி சின்னது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருகிறது. பரிசோதனை மெஷின் துப்புகிற எண்களைப் படித்து, எது எந்த நோயாளியுடையது என்று பிரித்து, அவரவர் டாக்டருக்கு அனுப்புகிற புரோகிராம். எழுதியிருக்கும் மொழி பெர்ல். அந்தப் புரோகிராமைச் சந்தேகப்படுவதற்கென்றே, அதே பெர்லில் குட்டிக் குட்டிச் சோதனைகள் எழுதுவது என் வேலை. இந்த எண்ணைக் கொடுத்தேன், இந்தப் பதில் வந்ததா? வந்திருந்தால் திரையில் 'ஓகே' என்று ஒரு வரி. வராவிட்டால் 'நாட் ஓகே'. அவ்வளவுதான்.

இதற்குக் கருவிகள் இருக்கின்றன. கேள்விகளை எழுத 'டெஸ்ட் மோர்'. எழுதியதையெல்லாம் வரிசையாக ஓட்டிக் கடைசியில் ஒரே தீர்ப்புச் சொல்ல 'ப்ரூவ்'. டெஸ்ட் மோரில் எனக்குப் பிடித்த வழக்கம், எத்தனை கேள்வி கேட்கப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பந்திக்கு முன்னால் இலையை எண்ணி வைப்பது மாதிரி. சோதனை பாதியில் செத்துப்போய், 'கேட்டவரைக்கும் எல்லாம் ஓகே' என்று பொய் சொல்ல முடியாது. 'டெவல் கவர்' என்று இன்னொன்று. புரோகிராமில் எந்த வரிக்குச் சோதனை போகவே இல்லை என்று காட்டிக்கொடுக்கும். எங்கள் தெருவுக்குத் தேர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிற ஆள் மாதிரி, அது ஒருநாளும் திருப்திப்படாது.

சோதனைக்குப் பொய் நோயாளிகள் வேண்டும். நிஜமானவர்களின் விவரத்தைத் தொடக் கூடாது. அங்கேதான் என் குசும்பு ஆரம்பித்தது. எங்கள் ஊரையே நெதர்லாந்துப் பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் நிறுத்தினேன். என்னை முட்டிபோட வைத்த கணக்கு வாத்தியாருக்கு யூரிக் அமிலம். பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டருக்குக் கொழுப்பு. எனக்கு மட்டும் எல்லாம் கச்சிதமாக, ஒலிம்பிக் வீரன் மாதிரி. உரலை உருட்டிவிட்ட மாதிரி இருக்கும் என் அண்ணனுக்கு ரத்தசோகை.

3

சில வருடங்களுக்கு முன்னால் பெர்ல் மொழியின் புதிய பதிப்பு வந்தது. ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டோம். அன்றிலிருந்து ஒரு சோதனை மட்டும் வம்பு செய்தது. 'கலியபெருமாளின் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதா?' சில நேரம் ஓகே. சில நேரம் நாட் ஓகே. புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஓட்டினால் ஓகே.

எல்லோரும் புதிய பெர்ல் மேல் பழியைப் போட்டார்கள். நாட் ஓகே வந்தால் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொருமுறை ஓட்டுவார்கள். ஓகே வந்ததும் காப்பி குடிக்கப் போவார்கள். நானும்தான். ஆனால் எனக்கு அந்த மறுபடி ஓட்டுவது ரொம்பப் பழக்கமான காரியமாக இருந்தது. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து யோசித்து ஒருநாள் பிடிபட்டது. பூக் கட்டிப் பார்ப்பது!

எங்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு காரியம் செய்யலாமா என்று கேட்க, வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. சின்ன அத்தைக்கு ஆண்டிமடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முந்திரித் தோப்பு உள்ள இடம். பெரியப்பாவுக்கு அந்தத் தோப்பின் மேல் ஒரு கண். பொட்டலம் போட்டார்கள். சிவப்பு வந்தது. பெரியப்பா அசரவில்லை.

"சாமிக்கு இப்பத்தான் அபிஷேகம் ஆச்சு. குளிர்ல என்ன சொல்றோம்னு தெரியாம சொல்லிருச்சு. இன்னொரு தரம் கேளுங்க பூசாரி."

மறுபடியும் சிவப்பு.

"புள்ள இடது கையால எடுத்துருச்சு. அது சேத்தி இல்ல."

வெள்ளை வரும்வரை கேட்டார்கள். வந்ததும் உடனே கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகுதான் தோப்பு மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையது என்று தெரிந்தது. அத்தை இன்றைக்கும் பெரியப்பாவோடு பேசுவதில்லை.

ப்ரூவ் கட்டளையை மறுபடி தட்டும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. இன்னொரு தரம் கேளுங்க பூசாரி.

4

இதிலென்ன பயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் புரோகிராம் ஒரு பெரிய பரிசோதனைக் கூடத்தில் நிஜமாகவே ஓட ஆரம்பிக்க வேண்டும். அதே மாதக் கடைசியில் என் வேலை அனுமதி முடிகிறது. கம்பெனி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் நீட்டிப்பார்கள். கம்பெனி என்றால் எங்கள் முதலாளி வில்லெம். நெட்டையான மனிதர், சிரிப்பதும் கோபப்படுவதும் ஒரே முகத்தில். என் விண்ணப்பப் பாரம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது.

கையெழுத்து விழாவிட்டால் ஊருக்குத்தான். ஊருக்குப் போவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒருத்தர் கேட்பார், "வாங்க தம்பி, லீவா?" ஆமாங்க. "எப்ப திரும்பிப் போறீங்க?" அதற்குத்தான் பதில் இல்லை. மறுநாளும் கேட்பார். அடுத்த மாதமும் கேட்பார். செல்வி ஒருநாள் நான் அந்த ஒரு கேள்வியை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சீரக வெந்நீர் கொடுத்தாள். அது அஜீரணம் இல்லை, ஆண்டவா, குடியேற்றத் துறை.

வில்லெமிடம் ஒருமுறை பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். "அந்த ஒரு சோதனை கொஞ்சம் அடம்பிடிக்கிறது."

"தெரியும். புதிய பெர்ல். தொந்தரவாக இருந்தால் டூடூவில் போட்டுவிடு" என்றார்.

டூடூ என்பது டெஸ்ட் மோரில் ஒரு மூலை. 'இது இன்னும் சரியாகவில்லை, பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று எழுதி ஒரு சோதனையை அங்கே தள்ளிவிட்டால், அது தோற்றாலும் ப்ரூவ் தோல்வியாகக் கணக்கெடுக்காது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். நம் தாலுகா ஆபீசில் மனுவின் மேல் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவார்களே, அதுவும் நல்ல எண்ணத்தில் வைத்ததுதான்.

நான் டூடூவில் போடவில்லை. தைரியத்தால் இல்லை. போட்டவன் பெயர் பதிவாகும். அந்தப் பயம்.

5

அந்த வார வியாழக்கிழமை சாயங்காலம் என் மகள் யாழினி பள்ளியிலிருந்து ஒரு காலண்டரோடு வந்தாள். அப்போது இரண்டாம் வகுப்பு. டச்சுக்காரர்கள் வீட்டுக்கு வீடு ஒரு பிறந்தநாள் காலண்டர் வைத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் பிறந்தநாளையெல்லாம் எழுதி அதைக் கக்கூசில் மாட்டுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது நிதானமாகப் படிக்கலாம் அல்லவா. அம்மா பிறந்தநாளைக் கக்கூசில் மாட்டுவதா என்று செல்விக்கு ஒரே கோபம். யாழினிக்கோ அது இல்லாத வீடு வீடே இல்லை. டச்சில் கனவு காண்கிற பெண் அவள். தமிழைத் தடுக்கித் தடுக்கித்தான் பேசுவாள்.

"அப்பா, உங்க பர்த்டே?"

சொன்னேன்.

"பெரியப்பா பர்த்டே?"

அவளுக்குப் பெரியப்பா என்றால் என் அண்ணன். அதே தேதியைச் சொன்னேன்.

"இல்ல அப்பா. அது உங்களது. பெரியப்பாவோடது?"

"அதேதான்மா. வருஷமும் அதேதான்."

அவள் பென்சிலை நிறுத்தினாள். முகம் மலர்ந்துபோயிற்று. "அப்போ நீங்க ட்வின்ஸ்! லோட்டே, சான்னே மாதிரி!"

லோட்டேயும் சான்னேயும் அவள் வகுப்பு இரட்டையர். எங்கள் வீட்டுக்கு வந்து இட்லிக்குச் சீனி தொட்டுத் தின்கிறவர்கள். யார் எவள் என்று செல்விக்கு இன்றுவரை தெரியாது.

நாங்கள் இரட்டையர் இல்லை. அண்ணன் என்னைவிட மூத்தவன். சின்ன வயதில் ஆண்டிமடத்தில் மாமா வீட்டில் இருந்துவிட்டுத் தாமதமாக வந்ததால், இரண்டு பேரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தார்கள். தலைமையாசிரியருக்கு இன்னொரு தேதி யோசிக்கச் சோம்பல். இதை மகளுக்கு விளக்க வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு எனக்கே வேறொன்று உறைத்தது.

ராமலிங்கம் மகன் கலியபெருமாள். ராமலிங்கம் மகன் செல்வராசு. குடும்பப் பெயர் ஒன்று. பிறந்த தேதி ஒன்று. எங்கள் புரோகிராம் ஒரு நோயாளியை அடையாளம் காண்பதே இந்த இரண்டையும் சேர்த்துத்தான். முதல் பெயரை அது பார்ப்பதே இல்லை. ஏனென்றால் டச்சுக்காரர்களுக்குச் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர். அதை நம்பிப் பிரயோசனமில்லை என்று யாரோ எப்போதோ விட்டுவிட்டார்கள். ஆக, அந்தப் புரோகிராமுக்கு நானும் அண்ணனும் ஒரே ஆள். யாருடைய ரத்தம் கடைசியில் வருகிறதோ, அது முன்னால் வந்ததன் மேல் எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

சில நாள் ஓகே, சில நாள் நாட் ஓகே என்பதற்கும் காரணம் விளங்கிவிட்டது. பெர்லில் 'ஹாஷ்' என்று ஒரு கோணிப்பை உண்டு. பெயர் சொல்லிக் கேட்டால் சாமானைச் சரியாக எடுத்துத் தரும். மொத்தமாகக் கொட்டு என்றால் எது முதலில் விழும், எது கடைசியில் விழும் என்று உத்தரவாதம் கிடையாது. பழைய பெர்லில் கொட்டினால் எங்கள் அதிர்ஷ்டத்துக்கு நான் எப்போதும் கடைசியில் விழுந்துகொண்டிருந்தேன். புதிய பெர்ல் ஒவ்வொரு முறையும் பையைக் குலுக்கிவிட்டுக் கொட்டியது. பாவம், அதைத் திட்டித் தீர்த்தோம். அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கி, தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒரே தேதியைப் போட்ட அதிசயப் பிறவிகள் வாலிகண்டபுரத்துக்கு வெளியே எங்கே இருக்கிறார்கள்? டச்சுக்காரர்களுக்கு இந்த ஆபத்தே இல்லை. பேசாமல் அண்ணனைப் பொய் நோயாளிப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டால் எல்லாம் ஓகே.

அப்புறம்தான் யாழினி சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது. லோட்டே, சான்னே மாதிரி. குடும்பப் பெயர் ஒன்று. பிறந்த தேதி ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வரும், ஒரே நாளில் ரத்தம் எடுப்பார்கள். ஒருத்திக்கு நிஜமாகவே ஏதாவது இருந்து, 'ஒன்றுமில்லை' என்று இன்னொருத்தியின் தாள் டாக்டருக்குப் போனால்?

செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, முகமெல்லாம் வேர்க்குது? மறுபடியும் குடியேற்றமா?"

6

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீசுக்குக் கிளம்புமுன் அண்ணனுக்குப் போன் போட்டேன். வேப்பந்தட்டையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"அண்ணே, இங்க கம்ப்யூட்டர் உன் ரத்தத்தை எடுத்து என் பேர்ல எழுதிருது."

"என் ரத்தம் அங்க எப்படிறா வந்துச்சு?"

"பொய் ரத்தம்ணே. டெஸ்டுக்காக நான் போட்டது. உனக்கு ரத்தசோகைன்னு போட்டிருக்கேன்."

"எனக்கா? ரத்தசோகையா? வேற ஆளே கெடைக்கலியாடா ஒனக்கு? ஒங்க அண்ணி காதுல வுழுந்துச்சுன்னா தெனம் முருங்கக்கீரையப் போட்டே என்னயக் கொன்னுருவா."

விஷயத்தைச் சொன்னேன். இரட்டைப் பிள்ளைகளையும் சொன்னேன். மேசையில் கிடக்கும் கையெழுத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரிடமோ "ரெண்டு காப்பிதானங்க, இருங்க" என்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"சொன்னா வேல போயிருமா?"

"போனாலும் போயிரும்ணே."

"போனா வா. இன்னொரு மிசினு சும்மாத்தான் கெடக்கு."

இதைவிடப் பயங்கரமான ஆறுதலை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"சொல்லாம இருந்தா தூங்குவியா?" என்றான்.

"மாட்டேன்."

"சொன்னாலும் தூங்க மாட்ட. ஒன்னயத் தெரியாதா எனக்கு? ஆனா அந்தப் புள்ளைவ வூட்ல தூங்குவாங்கல்ல. போய்ச் சொல்லித் தொல."

7

வில்லெம் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அது இன்னும் பயம். தட்டுவதற்கென்று ஒரு நிமிடம் கிடைக்காது.

நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "திங்கட்கிழமை போகக் கூடாது. இரட்டையர் செத்துப்போவார்கள்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பிறகு விளக்கினேன்.

"காட்டு" என்றார்.

என் மேசைக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். ப்ரூவ் தட்டினேன்.

ஓகே.

"இருங்கள், மறுபடி ஓட்டுகிறேன்."

ஓகே.

"வரும். இப்போது வரும்."

ஓகே.

வாரக்கணக்கில் எதை மறைக்க மறுபடி மறுபடி ஓட்டினோமோ, அது இப்போது வரமாட்டேன் என்கிறது. இத்தனை நாளும் ஓகேக்காக வேண்டிக்கொண்டவன், முதலாளி முன்னால் உட்கார்ந்துகொண்டு நாட் ஓகேக்காக எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். சிவப்பைக் கொடு தாயே, ஒரே ஒரு தரம் சிவப்பைக் கொடு. வில்லெம் கடிகாரத்தைப் பார்த்தார். "கலியா, நன்றாகத்தானே ஓடுகிறது" என்றார்.

நாட் ஓகே.

"வந்துருச்சு! வந்துருச்சுய்யா!" என்று தமிழில் கத்திவிட்டேன். தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. திரையில் வரிசையாக இருந்தது: எதிர்பார்த்தது என் ஹீமோகுளோபின், கிடைத்தது அண்ணனுடையது. பொய் ரத்தம்தான். ஆனாலும் அவன் ரத்தம்.

வில்லெம் குனிந்து அந்த வரிகளைப் படித்தார்.

"இது தோற்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?"

"எல்லோரும்."

"எல்லோரும் மறுபடி ஓட்டினீர்கள்."

"ஆமாம்."

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நானும்தான்" என்றார்.

தன் அறைக்குக் கூட்டிப்போய், பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டுக் கொடுத்து, கண்டுபிடித்தவனே சொல்லட்டும் என்றார். டச்சில். எதிர்முனையில் ஒரு பெண்மணி. நான் வியர்த்துக் கொட்டி, தடுக்கி விழுந்து, இரட்டையரை விளக்கி முடித்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நல்லது. அப்படியானால் திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம்" என்றார். புரோகிராம் வர வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கோ என்னை நாட்டை விட்டே போகச் சொன்ன மாதிரி இருந்தது. போனை வைத்தபோது என் பாரம் வில்லெம் மேசையில் கையெழுத்தில்லாமல் அப்படியே கிடந்தது. நான் அதையே பார்ப்பதை வில்லெம் கவனித்தார். "அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சனி ஞாயிறு எப்படிப் போனது என்று எழுதினால் என் மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். செல்வி ஒரு வார்த்தை கேட்டாள், "பொட்டிய எறக்கட்டுங்களா?" யாழினி இரட்டையர் வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வில்லெம் கூப்பிட்டார். "நான் கோபமாக இருக்கிறேன். உன் மேல் இல்லை." பேனாவை எடுத்தார். "சரி, கொஞ்சம் உன் மேலும்தான். இன்னும் முன்னால் வந்திருக்கலாம்." பேனாவைத் திறந்து பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோரையும் கூட்டிப் புதுச் சட்டம் சொன்னார். தோற்ற சோதனையை, ஏன் தோற்றது என்று எழுதாமல் மறுபடி ஓட்டக் கூடாது. டூடூவில் போடுகிறவர் அதை எடுக்கும் தேதியையும் எழுத வேண்டும்.

புரோகிராமைத் திருத்தினோம். முதல் பெயரையும் ரத்தம் பிடிக்கிற குழாயின் மேல் ஒட்டுகிற எண்ணையும் சேர்த்து அடையாளம் பார்க்கச் செய்தோம். ஹாஷைக் கொட்டும்போது வரிசைப்படுத்திக் கொட்டச் செய்தோம். இரட்டையருக்கென்று தனியே ஒரு கோப்பு நிறையச் சோதனைகள் எழுதினேன். பரிசோதனைக் கூடம் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்துக்கொண்டது. இன்றுவரை அங்கே ஓடுகிறது. ஒரு புகார் இல்லை.

8

போன மாதம் டாக்டர் எனக்கே ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதே கூடம். ஊசிக்கு நான் பயப்படவில்லை. ரத்தம் எடுத்த பெண் குழாயில் எண்ணை ஒட்டும்போது எழுந்து நின்று பார்த்தேன். "மயக்கம் வருகிறதா?" என்று கேட்டாள். "இல்லை, நேராக ஒட்டுங்கள்" என்றேன்.

முடிவு வந்தது. சர்க்கரை. ஏதோ கொஞ்சம் இல்லை, நன்றாகவே.

உடனே கூடத்துக்குப் போன் செய்தேன். "இது என்னுடையதுதானா? வேறு ஒரு ராமலிங்கத்தின் ரத்தம் மாறி வந்திருக்கலாம் இல்லையா? ஒரே பிறந்த தேதியில் இன்னொருவர்?"

அந்தப் பெண்மணி ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, அப்படி மாறவே மாறாது. அதையெல்லாம் இந்தப் புரோகிராமில் மிகக் கடுமையாகச் சோதித்திருக்கிறார்கள்."

இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஏன் ஐயா? காரணம் எழுதித் தருவீர்களா?" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வி ஸ்டூலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க சரி பண்ணுன புரோகிராமுங்க. அது தப்பாவா சொல்லும்?" என்றாள். சீனி டப்பா பரணுக்குள் போய்விட்டது.